நிறம் போகும், பூ வாடும், சொல்?

பழவங்காடிப் பிள்ளையாரைக் கேள்விப்படாத திருவனந்தபுரத்துத் தமிழர் இருக்க மாட்டார். ஆனால் இந்த இடப்பெயருக்குப் பொருள் என்ன என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் பலரும் விழிப்பார்கள். பழைய அங்காடிதான் பழவங்காடி. மதுரைக்காஞ்சி பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் கூறுகிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் இந்தச் சொல் மெல்ல மெல்ல ஒதுங்கி, சந்தையும் பஜாரும் மார்க்கெட்டும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அரசு அறிவிப்புகளும் கடைப் பலகைகளும்தான் பிற்பாடு அதைத் திரும்ப அழைத்து வந்தன. மலையாளத்திலோ இன்றும் அது சாதாரணச் சொல்.

இப்படிச் சிறிது சிறிதாக மறைவதை ஆங்கிலத்தில் ‘ஃபேட்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அது பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் இன்றும் அதற்கு ‘சுவையற்றது’ என்று பொருள். உப்பில்லாத குழம்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது பல வேலைகளைச் செய்கிறது. சினிமாவில் காட்சி இருண்டு முடிவது ‘ஃபேட் அவுட்’. சிற்றலை வானொலியில் ஒலி ஏறி இறங்குவது ‘ஃபேடிங்’. வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதும் அதற்கு ஒரு காரணம். மலைப்பாதை இறக்கத்தில் சூடேறி பிரேக்கின் பிடி குறைவதும் ‘ஃபேட்’தான். இப்போது சலூனில் காதோரம் முடியைப் படிப்படியாகக் குறைத்து வெட்டுவதற்கும் அதே பெயர்.

தமிழில் பொருளுக்கு ஏற்றபடி சொல் மாறும். துணி சாயம் போகும், வெளுக்கும். பூ வாடும். விளக்கு மங்கும். நிலா தேயும். ஓசை ஒடுங்கும். கோலம் அழியும். மேகம் கலையும். எது மறைகிறது என்று சொல்லாமலே வினைச்சொல் அதைக் காட்டிவிடும். நம் பிள்ளைகளோ இவை அத்தனைக்கும் “ஃபேட் ஆயிடுச்சு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

கேரளத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. சாலைக் கடைத்தெருவில் ஒருமுறை சேலை பார்த்துக்கொண்டிருந்தேன். துவைத்தால் நரைக்காது என்று கடைக்காரர் மலையாளத்தில் உறுதி கூறினார். தமிழில் நரைப்பது முடி மட்டுமே. மலையாளத்தில் துணியும் நரைக்கும். நரை என்றால் வெண்மை என்பதை நினைத்தால் பொருள் விளங்கிவிடும். ‘மாய்தல்’ என்ற சொல்லும் அப்படித்தான். கரும்பலகை எழுத்தை அழிப்பதை மலையாளி ‘மாய்க்குக’ என்பார். நம் பேச்சில் மாய்வது என்றால் உயிர் போவது, அல்லது வேலை செய்து அலுத்துப் போவது. அகராதியில் மறைதல் என்ற பொருளும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளை, முன்பு இந்த நகரில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர்; பிற்காலத்தில் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தவர் என்பது நமக்குப் பெருமை.

இந்தச் சொல்லாராய்ச்சி இப்போது எதற்கு என்று கேட்கலாம். என் தாயார் நாகர்கோவிலிலிருந்து எழுதிய இன்லண்டு கடிதங்களைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மை மங்கிவிட்டது; ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்தால் எனக்குப் படிக்க முடிகிறது. என் பேத்தியிடம் நேற்று அச்சடித்த தமிழ்ப் பத்திரிகையைக் கொடுத்தாலும் அவளுக்குப் படிக்க முடியாது. “தாத்தா, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க” என்பாள். பேச்சுத் தமிழ் அவளிடம் இருக்கிறது, எழுத்து இல்லை. அவள் பிள்ளைகளிடம் அந்தப் பேச்சாவது இருக்குமா என்பதே என் கவலை.

பள்ளியில் தமிழ் கிடைக்காத பிள்ளைகளுக்கு வீடுதான் பள்ளி. நாளுக்கு ஒரு சொல் போதும். பழவங்காடியைக் கடக்கும்போது அங்காடியைச் சொல்லிக் கொடுங்கள். மாலையில் பூ வாடியதைக் காட்டிச் சொல்லுங்கள். கூடவே அதை எழுதியும் காட்டுங்கள். சாயம் போன துணிக்கு மறுபடி சாயம் ஏற்றலாம்; மங்கிய விளக்கைத் தூண்டலாம். வாடிய பூவை மட்டும்தான் ஒன்றும் செய்ய முடியாது. நம் பிள்ளைகளின் தமிழ் அந்த நிலைக்குப் போகுமுன் நாம் விழித்துக்கொள்வோம்.