ஆண்டிபட்டி மலையில் தங்கத்துக்கு வாய்ப்பு உண்டா?

எந்த மலையை இடித்துப் பார்த்தாலும் டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம் இருக்கும். ஆண்டிபட்டி மலையும் விதிவிலக்கல்ல. ஆனால் சுரங்கம் வெட்டிக் கட்டுப்படியாக வேண்டுமானால் டன்னுக்குச் சில கிராமாவது தேவை. அதாவது தங்கம் ஓரிடத்தில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு திரண்டிருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது பூமிக்குள் சுற்றிவரும் வெந்நீர். போகிற வழியில் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு, பாறைப் பிளவுகளில் வெங்கச்சங்கல் நாளங்களைப் படியவிடும்போது அதையும் அங்கேயே விட்டுவிடும்.

கோலாரில் இப்படித்தான் நடந்தது. சுமார் 270 கோடி ஆண்டு பழைய எரிமலைப் பாறைப் பட்டை அது. 1880 முதல் 2001 வரை, 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் இறங்கி, ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்தார்கள்.

ஆண்டிபட்டி, வருசநாடு, கம்பம் பகுதிகளின் கதை வேறு. இங்குள்ள சார்னோகைட், நைஸ் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடுமையாக வெந்தவை. கம்பம் வட்டாரத்தில் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டியதைப் பாறையிலுள்ள கனிமங்களே காட்டுகின்றன. அந்தச் சூட்டில் நீர் வெளியேறிப் பாறை காய்ந்துவிட்டது. தங்கம் தேடுபவருக்கு இது நல்ல சேதி அல்ல.

அதற்காக உதறிவிடவும் முடியாது. நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பகுதியிலும் இதே இனப் பாறைதான். பின்னாளில் விழுந்த பிளவுகளில் தங்க நாளங்கள் படிந்தன. அங்கே பழங்குடியினர் ஓடை மண்ணை அரித்துத் தங்கம் எடுத்துவந்தார்கள். 1880-ஐ ஒட்டி, அந்தத் தங்கத்தைத் தோண்ட லண்டனில் வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. பொறுக்கியெடுத்த கற்களின் சோதனை முடிவு ஆசை காட்டியது. ஆலையில் அரைத்தபோது கிடைத்தது சொற்பம். சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை முடங்கின.

ஆகவே ஆண்டிபட்டி வட்டாரத்தில் பார்க்கத் தகுந்தவை, கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய சுருளி வெட்டு மண்டலம் போன்ற உடைவுகளே. முதல் வேலை ஓடை மணல். தங்கம் மணலைவிட ஏழு மடங்கு கனம் என்பதால் வளைவுகளிலும் பாறை இடுக்குகளிலும் தங்கும். வைகை அணைக்கு மேலே, ஒவ்வொரு கிளை ஓடையிலும் தனித்தனியே மாதிரி எடுத்தால்தான் எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று தெரியும். மணலில் மின்னுவது பெரும்பாலும் காக்காப்பொன். தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும், தங்கமோ நசுங்கும். மணலில் தங்கம் தென்பட்டால் மேட்டுப்பக்கம் மண்ணைச் சோதித்து, நாளத்தின் குறுக்கே பள்ளம் வெட்டி, அதன் பிறகே துளையிட வேண்டும்.