மதியம் ஆனால் உங்கள் டெஸ்க்டாப் ஏன் திணறுகிறது? கேபினட்டில் கத்தி வைக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

காலை 7 மணிக்கு ஓடவிட்டால் 40 நிமிடத்தில் முடிகிற ஒரு ஸ்கிரிப்ட், மதியம் 3 மணிக்கு ஓடவிட்டால் 10 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டது. அதே ஃபைல், அதே மெஷின். மாறியது ஒன்றுதான்: டெல்லியின் மே மாத வெயில். ஒரு கடையில் விசாரித்தேன். பெட்டியைத் திறந்துகூட பார்க்காமல், "லிக்விட் கூலர் போட்டுருங்க, எல்லாம் சரியாகிடும்" என்றார்கள். நல்லவேளை, வாங்கவில்லை. பிரச்சினை கூலரில் இல்லை, முன்பக்கம் அழகாக மின்னிக்கொண்டிருந்த கண்ணாடியில் இருந்தது.

வீட்டிலிருந்து வேலை, வீடியோ எடிட்டிங், இரவில் கொஞ்சம் கேமிங் என்று டெஸ்க்டாப் வைத்திருக்கும் பலருக்கும் இதே கதைதான். புது பாகம் வாங்கும் முன், காற்று எப்படி உள்ளே வந்து எப்படி வெளியே போகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சூடானால் என்னதான் ஆகும்?

உடனே எரிந்துபோகாது. இன்டெலின் பல டெஸ்க்டாப் சிப்களுக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை. ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலான சிப்களுக்கு 95. அந்த எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதைத்தான் த்ராட்லிங் என்கிறோம். அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பகுதி, வெயில் காலத்தில் உங்களுக்குக் கிடைப்பதில்லை. ஃபேன் சத்தம் மட்டும் முழுசாகக் கிடைக்கும்.

கணினி இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. கிராஃபிக்ஸ் கார்டும் சிபியுவும் சேர்ந்து 300 வாட் இழுத்தால், பெட்டிக்குள் 300 வாட் ஹீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டை வெளியே எடுத்துப்போவது காற்று மட்டுமே. லிக்விட் கூலராக இருந்தாலும் ரேடியேட்டரைக் குளிர்விப்பது அதே காற்றுதான். மூச்சு முட்டும் கண்ணாடிக்குப் பின்னால் அதை மாட்டினால் அதுவும் சேர்ந்து மூச்சு முட்டும்.

ஒரு சின்ன கணக்கு. ஃபேன் பெட்டிகளில் சிஎஃப்எம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றைத் தள்ளும் என்பதற்கான அளவு அது. வாட்டை சிஎஃப்எம்மால் வகுத்து 1.76 ஆல் பெருக்கினால், உள்ளே வந்த காற்று வெளியேறும்போது எத்தனை டிகிரி சூடாகியிருக்கும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 300 வாட்டுக்கு 50 சிஎஃப்எம் காற்று என்றால் சுமார் 10.5 டிகிரி. காற்று பாதியாகக் குறைந்தால் 21. அறை 38 டிகிரியில் இருந்தால், பெட்டியை விட்டு வெளியேறும் காற்று முதல் கணக்கில் 48.5, இரண்டாவதில் 59. அந்தச் சூட்டுக் காற்றைத்தான் உங்கள் சிபியு கூலர் "குளிர்ந்த காற்று" என்று நம்பி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயம். அட்டையில் இருக்கும் சிஎஃப்எம், எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது அளந்தது. முன்னால் ஒரு ஃபில்டர், அதற்கு முன்னால் ஒரு பேனல் என்று வந்துவிட்டால் கிடைப்பது அதைவிட நன்றாகவே குறையும்.

இந்தக் கவலை புதிதல்ல. 2000களின் தொடக்கத்தில், பென்டியம் 4 சிப்கள் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்த காலத்தில், இன்டெல் கேபினட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. அறை 35 டிகிரியில் இருந்தாலும், சிபியு ஃபேனுக்குள் நுழையும் காற்று 38 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்காகவே பக்கத் தகட்டில் ஓட்டை போட்டு, சிபியுவுக்கு நேராக ஒரு குழாய் வைத்த கேபினட்டுகள் வந்தன. பழைய அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள். பார்க்க நன்றாக இருக்காது, வேலையைச் செய்தது. வட இந்திய வெயிலில் அறையே 38ஐத் தாண்டிவிடுகிறது என்பது வேறு கதை. ஆனால் அறைக்கும் கூலருக்குப் போகும் காற்றுக்கும் 3 டிகிரிதான் வித்தியாசம் என்ற இலக்கு இன்றைக்கும் நல்ல அளவுகோல்.

முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு வெட்டுங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஏதாவது ஒரு இலவச மென்பொருள் போதும். லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ். சினிபெஞ்ச் அல்லது நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலை ஒன்றை 20, 30 நிமிடம் ஓடவிட்டு, சிபியு, ஜிபியு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையையும் கண்டிப்பாக எழுதுங்கள். காலையில் எடுத்த 82ஐயும் மதியம் எடுத்த 88ஐயும் நேரடியாக ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. அறை வெப்பநிலையைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து முன் பேனலை மட்டும் கழற்றிவிட்டு அதே சோதனை. அப்புறம் பக்கத் தகட்டையும் திறந்து வைத்து ஒரு சோதனை. முன் பேனலை எடுத்ததும் 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி சிக்கிவிட்டது. என் மெஷினில் 8 டிகிரி இறங்கியது. எல்லாவற்றையும் திறந்து போட்டும் ஒன்றும் மாறவில்லையா? அப்படியானால் கேபினட்டைத் தொடாதீர்கள். ஹீட்சிங்கில் தூசி அடைத்திருக்கும், அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கூலர் சரியாக உட்காராமல் இருக்கும். அதற்குத் தகடு வெட்டி என்ன பயன்?

வெட்டாமலே தீர்கிற விஷயங்களும் உண்டு. நம்ம ஊர் கம்ப்யூட்டர் டேபிளில் "சிபியு வைக்க" என்று ஒரு மர அறை இருக்குமே, மூன்று பக்கமும் மூடியது. பின்னால் வெளியேறிய சூட்டுக் காற்று அங்கேயே சுற்றி மறுபடி முன்னால் நுழையும். பெட்டியை வெளியே எடுத்து வையுங்கள், செலவு பூஜ்யம். ஃபேன்கள் சரியான திசையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பொதுவாக, மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியே போகும். முன்னால் இருந்து உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே. "சூடான காற்று தானாக மேலே போய்விடும்" என்பதை ரொம்ப நம்ப வேண்டாம். ஒரு ஃபேனின் வேகத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. சொல்லப்போனால் கூரையில் முன்பக்கமாக மாட்டிய ஃபேன், இப்போதுதான் உள்ளே வந்த நல்ல காற்றை அப்படியே வெளியே தள்ளிவிடும்.

சரி, எங்கே வெட்டுவது?

என் கேபினட்டின் முன் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் இரண்டு இடைவெளிகள், ஒவ்வொன்றும் சுமார் 10 மி.மீ. அகலம், 400 மி.மீ. உயரம். மொத்தம் 80 சதுர செ.மீ. உள்ளே இருக்கும் மூன்று 120 மி.மீ. ஃபேன்களின் இறக்கைப் பரப்பு, நடு மோட்டாரைக் கழித்தால்கூட, கிட்டத்தட்ட 300 சதுர செ.மீ. நாலில் ஒரு பங்கு வாசலை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு ஃபேன் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்!

டெம்பர்டு கண்ணாடியில் துளை போட முயலவே முயலாதீர்கள். மொத்தமும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். இரண்டு வழி இருக்கிறது. நீளமான ஸ்க்ரூவும் ஸ்பேசரும் போட்டுக் கண்ணாடியை 20 மி.மீ. முன்னுக்குத் தள்ளலாம். இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் துளையிட்ட அலுமினியத் தகட்டை அளவாக வெட்டி மாட்டலாம். நான் செய்தது இரண்டாவது. தகடு வெட்டும் கத்திரி, அரம், நாலு கேபிள் டை, அவ்வளவுதான். தூசிக்கு உள்பக்கம் ஜன்னல் கொசுவலை ஒரு துண்டு. மெல்லிய தூசியை அது பிடிக்காது, முடியையும் பஞ்சையும் பிடிக்கும். காற்றையும் அதிகம் தடுக்காது.

அடுத்தது பின்பக்க ஃபேன். மலிவான கேபினட்டுகளில் ஃபேனுக்கு நேராகத் தகட்டிலேயே சின்னச் சின்ன ஓட்டைகள் குத்தியிருப்பார்கள். ஓட்டையைவிட இரும்புதான் அதிகம். அதை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி கிரில் போட்டால் காற்றும் கூடும், இரைச்சலும் குறையும். புது இடத்தில் ஓட்டை போடுகிறீர்கள் என்றால் அளவு முக்கியம்: 120 மி.மீ. ஃபேனுக்கு ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே 105 மி.மீ., 140க்கு 124.5 மி.மீ. மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் வரைந்து வெட்டினால் பெயின்ட் உரியாது. விளிம்பை அரத்தால் தேய்த்து ரப்பர் பீடிங் போடுங்கள், கை கிழியாமல் இருக்கும்.

இதில் ஒரு விஷயத்துக்கு மட்டும் குறுக்கு வழி இல்லை. வெட்டும் முன் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், டிஸ்க் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். "ஒரு துணி போட்டு மூடிக்கிறேன்" என்பது வேலைக்காகாது. ஒரு இரும்புத் துகள் மதர்போர்டில் இரண்டு முனைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் ஷார்ட் சர்க்யூட்தான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். வெட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு காந்தத்தை எல்லா மூலையிலும் ஓட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஓட்டைகள் பெரிதான பிறகு உள்ளே தள்ளும் காற்று, வெளியே இழுக்கும் காற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்படி ஃபேன் வேகத்தை வையுங்கள். அப்போதுதான் இண்டு இடுக்கு வழியாகத் தூசி உறிஞ்சப்படாமல், ஃபில்டர் வழியாக மட்டும் காற்று வரும். லூ காற்றும் புழுதியும் அடிக்கும் ஊர்களில் இது பெரிய வித்தியாசம். ஃபில்டரை அங்கே மாதம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விடாதீர்கள். பேரிங் போய்விடும்.

ஃபேனை அடுக்கிக்கொண்டே போனால் குளிர்ந்துகொண்டே போகுமா? போகாது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்ற நிலைக்குப் பிறகு ஒவ்வொரு ஃபேனும் தருவது குறைந்துகொண்டே வரும். எத்தனை மாட்டினாலும் அறை வெப்பநிலைக்குக் கீழே காற்றால் குளிர்விக்க முடியாது. அறையே 42 என்றால் கணக்கு 42இல் இருந்துதான் தொடங்கும்.

அந்த நாட்களுக்கு நான் செய்வது வேறு. ரைசன் சிப்களுக்கு பயாஸில் எக்கோ மோட் என்று ஒன்று உண்டு. சிப் இழுக்கும் மின்சாரத்துக்கு உச்சவரம்பு போடுகிறது. இன்டெல் போர்டுகளிலும் பவர் லிமிட்டைக் கையால் குறைக்கலாம். வெப்பம் நன்றாகவே இறங்கும், வேகம் அந்த அளவுக்கு இறங்காது. என் மெஷினில் மே, ஜூன் இரண்டு மாதமும் அது ஆனில் இருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்ததும் ஆஃப். கழற்றிய கண்ணாடி பேனல் இன்னும் பரண் மேல்தான் கிடக்கிறது.