விளமீனில் ஒரு மெக்சிகோ பலகாரம்

கப்பல் வேலையில் இருக்கும் என் தம்பி லீவுக்கு வந்தபோது, மெக்சிகோக்காரர்களின் ‘டாக்கோ’ பற்றிப் பேசிப் பேசியே பிள்ளைகளின் ஆசையைக் கிளப்பிவிட்டான். மக்காச்சோள ரொட்டியில் பொரித்த மீனை வைத்து, மடித்துத் தின்பதாம். என்செனாடா என்ற துறைமுக ஊரில் தெருவோரக் கடைகளிலேயே கிடைக்குமாம்.

மாமனார் போன பிறகு என் மாமியார் கஞ்சி, துவையலைத் தவிர எதையும் தொடுவதில்லை. “அந்நிய நாட்டுத் தீனி எனக்கு எதுக்கு மக்களே?” என்றார்.

“மிளகாயும் தக்காளியும் அங்கேயிருந்து வந்ததுதானே மாமி!” என்றேன். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த காய்க்கு மிளகின் பெயரையே வைத்துவிட்டோம். பழைய மிளகை இங்கே ‘நல்லமிளகு’ என்று பிரித்துச் சொல்கிறோம்.

மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைப்பார்கள். ரொட்டி விண்டுபோகாது, நியாசின் சத்தும் உடம்பில் ஒட்டும். நம் கடை மாவு அப்படியில்லை. அதனால் பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்து, வெந்நீர் விட்டுப் பிசைந்தேன். விளமீனை முள் எடுத்து, மாவில் முக்கிப் பொரித்தேன். முட்டைக்கோஸ், வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், மல்லித்தழை எல்லாம் பொடியாக அரிந்து எலுமிச்சை பிழிந்தால் தீர்ந்தது வேலை. பட்டர் ஃப்ரூட் விற்கிற விலைக்கு அது இல்லாமலே ஆகட்டும்!

சாயங்காலம் தூக்குவாளியோடு கடற்கரைக்குப் போனோம். ரொம்ப நாள் கழித்து மாமியாரும் கூட வந்தார். இரண்டு தின்றுவிட்டு, “உறைப்பு காணாது மக்களே” என்றபடி மூன்றாவதுக்குக் கை நீட்டினார்.

மக்காச்சோள மாவு கிடைக்காத தோழிகள் கோதுமை மாவிலேயே செய்யலாம். வடக்கு மெக்சிகோவில் அதுவும் வழக்கம்தான்.

– ஒரு வாசகி, இனயம்