ஆறாம் ஆண்டோடு அறுந்து போகலாமா?

ஜொகூர் பாருவில் ஒரு கல்யாண மண்டபம். சாப்பாட்டுப் பந்தியில் எதிரெதிரே இரண்டு பேர். ஒருவருக்குத் தலை நரைத்துவிட்டது. மற்றவருக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. "நீங்க கோத்தா திங்கிப் பக்கமா?" என்று பேச்சு தொடங்குகிறது. எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வாத்தியார் என்று நாலு கேள்வி முடிவதற்குள், "அட, நீயா!" என்று 'நீங்க' 'நீ'யாகிவிடுகிறது. இலையில் ரசம் ஆறிப்போகிறது, பேச்சு ஆறவில்லை!

வாசகர்களே, இப்படி ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒன்றை யோசித்தீர்களா? ஒரே பெஞ்சில் ஆறு வருடம் உட்கார்ந்தவர்கள் மறுபடி சந்திக்க, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் வர வேண்டியிருக்கிறதே, ஏன்?

பிரிந்த வயது பன்னிரண்டு

பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்குச் சங்கம் அமைப்பது சுலபம். அவர்கள் வளர்ந்த பிறகு பிரிகிறார்கள். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையோ பன்னிரண்டு வயதில் பிரிகிறது. பிறகு சிலருக்குப் புகுமுக வகுப்பு, சிலருக்கு நேரே முதலாம் படிவம். பள்ளி வேறு, மொழி வேறு, நண்பர்கள் வேறு. அந்த வயதில் யாருக்கு முகவரி எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றும்?

எழுதி வைத்திருந்தாலும் அந்த முகவரி நிலைத்திருக்குமா? ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. மக்கள் பாசிர் கூடாங், மாசாய், ஜொகூர் பாரு என்று போனார்கள்; பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் போனார்கள். லயம் இடிந்தால் தோட்டத்தின் அடையாளமாக மிஞ்சுவது இரண்டே இரண்டு: ஒன்று கோயில், மற்றொன்று பள்ளிக்கூடம்.

தோட்டத்தின் பெயரைச் சுமக்கும் பள்ளி

இந்தப் பள்ளிகள் எப்படி வந்தன? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று மலாயாவின் அந்தக்காலத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதனால் சின்னச் சின்னக் கொட்டகைகளில், ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டே பல பள்ளிகள் தொடங்கின. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறக்குறைய 530.

கோத்தா திங்கி வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டணத்துக்கு ஜாலான் தாஜுல் தமிழ்ப்பள்ளி. பாசாக் தோட்டம், ரெம் தோட்டம் என்று தோட்டப் பெயரையே தாங்கிய பள்ளிகளும் உண்டு. நம் நாட்டில் 150 மாணவருக்குக் குறைந்த பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறார்கள். தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகைதான். பிள்ளைகள் குறையக் குறைய, பள்ளிக்காகப் பேச ஆளும் குறைகிறது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் யார்? முன்னாள் மாணவர்தானே!

பாசிர் கூடாங்கில் குடியிருப்பவர் தம் பிள்ளையைத் தினமும் கோத்தா திங்கிக்கு அனுப்ப முடியாது. அதை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் பிள்ளையை அனுப்ப முடியாதவரும் பள்ளிக்கு உறவினரே. பள்ளி மேலாளர் வாரியத்தில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என்ன செய்யலாம்?

முதலில், பெயர்ப் பட்டியல். எல்லா ஆண்டுகளையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் வகுப்பை மட்டும் பிடியுங்கள். பள்ளிப் பதிவேட்டில் இருப்பது பிறப்புப் பத்திரத்துப் பெயர். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததோ 'குட்டிம்மா', 'மண்டோர் வீட்டுப் பையன்'! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் ஆள் கிடைப்பார். கல்யாணமாகி வெளியூர் போன பெண்களைத் தேட அவர்கள் தாய்வீட்டைக் கேளுங்கள். பெண்கள் விட்டுப்போனால் வகுப்பில் பாதி விட்டுப்போனது போல.

இரண்டாவது, பழைய படங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை அடுத்தடுத்து வெள்ளம் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே அலமாரியில் இருக்கும் படம் ஒரே வெள்ளத்தில் போய்விடும். கைப்பேசியில் பிரதி எடுத்து, நாலு பேரிடம் கொடுத்து வையுங்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று பெயர் எழுத மறக்காதீர்கள்.

மூன்றாவது, ஒரு நாள். புலனக் குழுவில் காலை வணக்கம் அனுப்பினால் மட்டும் உறவு நிற்காது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு எப்படியும் ஊர் திரும்புகிறோம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, அதையொட்டி ஒரு நாளைப் பள்ளிக்கு ஒதுக்கலாமே. வெறுங்கையோடு போனாலும் சரி. உங்கள் தொழிலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். லாரி ஓட்டுபவர் பேசினாலும் பிள்ளைகள் வாய் திறந்து கேட்பார்கள்.

நான்காவது, பணம். நல்ல கூட்டங்கள் பல உடைவது இங்கேதான். 1950களில் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டதால் ஏழைத் தொழிலாளியும் கொடுக்க முடிந்தது. நாமும் சிறு தொகையே கேட்போம், ரசீது கொடுப்போம், கணக்கை எல்லார் முன்னும் வாசிப்போம். சங்கமாக இயங்குவதென்றால் முறையாகப் பதிவு செய்துகொள்வோம்.

இன்று பிரிபவர்கள்

இன்னொரு முக்கியமான வேலை பாக்கி இருக்கிறது. இந்த ஆண்டு ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளை இப்போதே பிடித்து வைக்க வேண்டும். பிரியாவிடை நாளில் ஒரு குழுப்படம். பின்னால் எல்லார் பெயரும், பெற்றோர் தொலைபேசி எண்ணும். அடுத்த ஆண்டு விளையாட்டுப் போட்டியில் கோடு போடவும் தண்ணீர் கொடுக்கவும் அவர்களையே கூப்பிடுங்கள். பதின்மூன்று வயதில் ஒருமுறை திரும்பி வந்த பிள்ளைக்கு முப்பதிலும் வழி மறக்காது.

வாசகர்களே, ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்; ஆனால் வடத்தை முதலில் யாராவது ஒருவர் தொட வேண்டுமே! உங்கள் வகுப்பில் அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டுப் பழைய படத்தை வெளியே எடுங்கள். தெரிந்த பெயர்களை எழுதுங்கள். தெரியாத முகத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி போடுங்கள். அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது அந்தத் தாளையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.