குளிர்கால மாலைக்கு இரு நறுமணங்கள்

கவிதையையும் இசையையும் ஒப்பிட்டு ஆராயும் நாம், மணத்தை அவ்வாறு ஆராய முற்படுவது அரிது. நாசியின் சுவையும் ஒரு கலைச்சுவையே என்பது என் கருத்து. ஆதலின், பாரிஸ் நகரிற் பிறந்த இரு வாசனைத் திரவியங்களை இங்கு ஒப்புநோக்க விழைகின்றேன். ஒன்று, கெர்லான் நிறுவனத்தார் 1925ஆம் ஆண்டிலே உலகறியச் செய்த 'ஷாலிமார்'. மற்றது, ஈவ் சென் லோரன் நிறுவனத்தார் 1977இல் வெளியிட்ட 'ஓப்பியம்'. இரண்டையும் குளிர்கால மாலைக்கு உரியனவாக ஐரோப்பியர் கொள்வர்.

அதற்குக் காரணம் உண்டு. எலுமிச்சை இனத்துப் பழங்களின் மணம் விரைவில் ஆவியாகும். பிசின்களின் மணமும் வனிலாவின் மணமும் மெல்லவே எழும். வெப்பத்திலே இவை ஒருங்கே கிளர்ந்து திகட்டிவிடும். குளிரிலோ, உடற்சூட்டினாற் சிறிது சிறிதாக அவிழ்ந்து, கம்பளி ஆடையில் நெடுநேரம் தங்கும்.

ஷாலிமாரை ஆக்கியவர் ஜாக் கெர்லான். பேர்கமொற் என்னும் பழத்தோலின் புளிப்பு மணத்தோடு அது தொடங்குகிறது. பின்னர், ஆய்கூடத்திற் பிறந்த எதைல் வனிலின் தன் இனிமையைப் பரப்புகிறது. அவ்வினிமை தின்பண்டத்தின் மணமாகிவிடாதபடி பேர்கமொற்றும், புகையையும் பதனிட்ட தோலையும் நினைவூட்டும் மணங்களும் தடுத்து நிற்கின்றன. இந்த அடக்கமே அதன் அழகு.

ஓப்பியம் அடக்கம் அறியாதது. தோடம்பழம், கராம்பு, கறுவா ஆகியவற்றின் மணம் முதலில் எழ, வெள்ளைப்போளமும் சாம்பிராணியும் பின்தொடர்கின்றன. ஐரோப்பியருக்கு இது தூரதேசத்து மர்மம். எமக்கோ அடுக்களையும் பூசையறையும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. ஷாலிமார் அருகில் வந்தவரோடு மட்டும் பேசும். ஓப்பியம் தன் வரவை அறை முழுவதற்கும் அறிவிக்கும்.

ஆக்கத்திறனில் இரண்டும் ஒன்றுக்கொன்று தாழ்ந்தனவல்ல. பெயரிலேதான் வேறுபாடு பெரிது. ஷாலிமார் என்பது மொகலாயர் அமைத்த பூங்காவின் பெயர். காஷ்மீரத்தில் ஜஹாங்கீரும் லாகூரில் ஷாஜகானும் அப்பெயரிற் பூங்காக்கள் அமைத்தனர். ஓப்பியம் என்பதோ அபின். அப்பொருளின் வாணிகத்தைக் காக்கவே ஆங்கிலேயர் 1839இற் சீனாவோடு போர் தொடுத்தனர். ஓர் இனத்தின் துயரை அலங்காரப் பெயராக்கியதை அமெரிக்காவில் வாழ்ந்த சீனர் கண்டித்ததில் வியப்பில்லை.

இத்தகைய மணங்கள் அனைத்தையும் 'கீழைத்தேய வகை' என்றே மேனாட்டார் நெடுங்காலம் வழங்கினர். வகைப்பாட்டறிஞர் மைக்கேல் எட்வர்ட்ஸ் 2021இலேயே அப்பெயரை நீக்கி 'அம்பர்' எனக் குறித்தார். கறுவாவை நாடி வந்த போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் கண்ட இலங்கையருக்கு, இப்பெயர் மாற்றத்தின் பொருள் எளிதில் விளங்கும்.

இரண்டில் ஒன்றைத் தேர்க எனின், நான் ஷாலிமாரையே தேர்வேன். கறுவாவின் மணம் எனக்கு நெருங்கிய உறவெனினும், அபினின் பெயரால் அதனை அணிய என் மனம் ஒப்பவில்லை.