அட்டைப் பெட்டிக்குள் பூமரம்

மைசூர் நகரில் அரண்மனைக்குப் பக்கத்தில் அக்ரஹாரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. நூற்றொரு கணபதி கோயில் இருக்கும் இடம் என்று சொன்னால் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நவராத்திரி வந்தால் மைசூர் வீடுகளில் பொம்மைகள் படியேறும். நாம் கொலு என்கிறோம். அங்கே அதற்குப் பொம்பெ ஹப்பா என்று பெயர். பொம்மைத் திருநாள் என்று பொருள். மேல் படியில் மரத்தால் செய்த ராஜாவும் ராணியும் நிற்பார்கள். நம் வீட்டு மரப்பாச்சிகள்தாம் அவர்கள்.

படிகள் பெரியவர்களுக்கு. படிக்கு முன்னால் இருக்கும் தரை பிள்ளைகளுக்கு. மண்ணைக் குவித்து மலை செய்வார்கள். கண்ணாடித் துண்டைப் பதித்தால் குளம். கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்தால் நாலைந்து நாளில் புல்வெளி. தீக்குச்சிகளை நட்டால் வேலி. குளத்தைவிட வாத்து பெரிதாக இருக்கும். மலையைவிட யானை உயரமாக இருக்கும். கொலுவில் அது குற்றமில்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

நாடக மேடைக்கு மாதிரி செய்யும்போது மட்டும் அது பெரிய குற்றம்.

மேடைக்கு மாதிரி எதற்கு?

தையற்காரர் துணியை வெட்டும் முன் காகிதத்தில் வெட்டிப் பார்க்கிறார். கொத்தனார் கடைக்கால் தோண்டும் முன் கயிறு கட்டிப் பார்க்கிறார். நாடகம் போடுகிறவர்களும் அப்படித்தான். மேடை எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் அட்டையில் சிறியதாகச் செய்து பார்க்கிறார்கள். தவறு இருந்தால் அட்டையோடு போகும். மரமும் துணியும் கூலியும் வீணாகாது.

எல்லா நாடகத்துக்கும் இது தேவை இல்லை. தெருக்கூத்துக்கு மேடை அலங்காரமே கிடையாது. ஒரு பெஞ்சு போதும். இரண்டு பேர் பிடித்துக்கொள்ளும் ஒரு திரை போதும். ராஜா அந்தத் திரைக்குப் பின்னால் இருந்து வருவார்.

பிறகு கம்பெனி நாடகங்கள் வந்தன. தெரு சீன், தர்பார் சீன், காட்டு சீன் என்று துணியில் எழுதிய படுதாக்கள் வந்தன. கர்நாடகத்தில் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனி மிகவும் புகழ் பெற்றது. அந்தக் கம்பெனி நிஜ யானையையே மேடைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனிக்குச் சிறுவனாக வந்து சேர்ந்தவர் பி. வி. காரந்த். 1989-இல் கர்நாடக அரசு மைசூரில் ரங்காயணம் என்ற நாடக அமைப்பைத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் இந்தக் காரந்த்தான். மரங்களுக்கு நடுவே அங்கே ஒரு திறந்த வெளி அரங்கம் இருக்கிறது. கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு நாடக முகாம் நடத்துகிறார்கள்.

யானை கிடைக்காதவர்கள் என்ன செய்வது? அவர்களுக்குத்தான் மாதிரி அதிகம் தேவை. கையில் காசு குறைவாக இருக்கும்போது தவறு செய்ய முடியாது அல்லவா?

பூமரமான பெண்

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். ஏ. கே. ராமானுஜன் 1929-இல் மைசூரில் பிறந்தவர். தமிழ் பேசும் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். பிறகு அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பாட்டிகளும் தாய்மார்களும் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். 1993-இல் இறந்தார். அவர் சேர்த்த கதைகள் 1997-இல் ஒரு புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகத்துக்குப் பெயர் கொடுத்த கதை இதுதான்.

ஒரு ஏழைத் தாய்க்கு இரண்டு பெண்கள். தாய் கூலி வேலை செய்து கஷ்டப்படுகிறாள். இளையவளுக்கு ஒரு வித்தை தெரியும். அவள் அக்காளை அழைக்கிறாள். "அக்கா, நான் உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு குடம் தண்ணீரை என்மேல் ஊற்று. நான் மரமாகிவிடுவேன். நகம் படாமல் பூப் பறித்துக்கொள். கிளையை ஒடித்துவிடாதே. அடுத்த குடத்தை ஊற்று. நான் திரும்பவும் பெண்ணாகிவிடுவேன்."

அந்தப் பூவை அரண்மனையில் விற்கிறார்கள். இளவரசன் விஷயத்தைத் தெரிந்துகொண்டு அவளை மணக்கிறான். அவன் தங்கைக்கு ஆசை வருகிறது. அண்ணியைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மரமாகச் சொல்கிறாள். அவளும் தோழிகளும் பூவைப் பிய்க்கிறார்கள். கிளைகளை ஒடிக்கிறார்கள். தண்ணீரையும் சரியாக ஊற்றாமல் ஓடிவிடுகிறார்கள். அவள் கையும் காலும் இல்லாமல் பாதி உடம்பாகக் கிடக்கிறாள். மனைவியைக் காணாத இளவரசன் பரதேசியாக அலைகிறான். கடைசியில் வேறோர் ஊர் அரண்மனையில் அவளைக் காண்கிறான். ஒடிந்த கிளைகளை அவனே சேர்த்து வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறான். அவள் முழுப் பெண்ணாகிறாள்.

கிரீஷ் கர்னாட் 1992-இல் இந்தக் கதையைச் 'செலுவி' என்ற திரைப்படமாக எடுத்தார். சினிமாவில் பெண்ணை மரமாக்கக் காமிரா உதவும். ஊர்ப் பள்ளிக்கூட மேடையில் எப்படி ஆக்குவது?

முதலில் அளவு

மேடையை டேப்பால் அளக்க வேண்டும். அகலம் 20 அடி, ஆழம் 15 அடி, உயரம் 12 அடி என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு. அப்படியானால் அட்டை மேடையின் அகலம் 10 அங்குலம். ஆழம் ஏழரை அங்குலம். உயரம் 6 அங்குலம். ஒரு பழைய அட்டைப் பெட்டியை இந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். உள்ளே கறுப்புத் தாள் ஒட்டினால் நல்லது.

அடுத்து, எதையும் வைக்கும் முன் ஒரு ஆளை வைக்க வேண்டும். ஐந்தரை அடி ஆள் என்றால் அட்டையில் இரண்டே முக்கால் அங்குலம். வெட்டி நிறுத்துங்கள். இந்த அட்டை ஆள்தான் இனி எல்லாவற்றுக்கும் நீதிபதி. அவர் தலை இடிக்காமல் வாசலில் நுழைய வேண்டும். அவர் உட்காரும் அளவில் திண்ணை இருக்க வேண்டும். மாதிரி செய்யும் பலர் அவரை மறந்துவிட்டு அழகான மாளிகை செய்துவிடுவார்கள். பிறகு அந்த மாளிகையில் யாரும் நுழைய முடியாது.

கதையில் குடிசை, அரண்மனை, தோட்டம், சாலை, இன்னோர் அரண்மனை என்று ஐந்து இடங்கள் வருகின்றன. ஐந்தையும் செய்தால் மேடையில் நடிகருக்கு இடம் இருக்காது. இடது ஓரம் ஒரு திண்ணை வைத்தால் குடிசை. வலது ஓரம் ஒரு வளைவும் நாற்காலியும் வைத்தால் அரண்மனை. வளைவின் துணியை மாற்றினால் அடுத்த ஊர் அரண்மனை. நடந்தால் சாலை. நடு இடம் முழுவதும் மரத்துக்கு.

மரம் தோற்ற கதை

முதலில் தோன்றும் யோசனை இது. பெண் நடுவில் உட்காருகிறாள். இருவர் அவள் முன் பச்சைச் சேலையைப் பிடிக்கிறார்கள். சேலைக்குப் பின்னால் அவள் ஒரு குடையை விரிக்கிறாள். குடை முழுவதும் காகிதப் பூ. சேலையை விலக்கினால் மரம்!

நல்ல யோசனைதான். அட்டை மேடையில் செய்து பாருங்கள். வண்ணத் தாளில் குட்டிக் குடை. சேலைக்கு ஒரு துணிக் கிழிசல். இப்போது பெட்டியை மேசைமேல் வைத்துக் கீழே குனிந்து பாருங்கள். நேர் எதிரே இருந்து பார்த்தால் அழகாக இருக்கிறது. இடது ஓரமாக நகர்ந்து பாருங்கள். சேலைக்குப் பின்னால் பெண் குடை விரிப்பது நன்றாகத் தெரிகிறது. வித்தை போயிற்று.

இன்னொரு குறையும் இருக்கிறது. ஊரில் முன் வரிசை என்பது தரைதான். மேடையின் உயரம் 3 அடி. தரையில் உட்காருபவரின் கண் ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். அவருக்கு மேடையின் தளமே தெரியாது. தளத்தில் உட்காரும் பெண் பாதிதான் தெரிவாள். தளத்தில் வைத்த குடம் சரியாகத் தெரியாது. இந்தக் கதையில் குடம் தெரியாவிட்டால் என்ன மிச்சம்?

இதை நாடக நாளன்று கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. அட்டையில் கண்டுபிடித்தால் ஒரு தாள்தான் நஷ்டம்.

நிழல் மரம்

இப்போது பெட்டியின் நடுவில், முன்னாலிருந்து 4 அங்குலம் தள்ளி, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். பின்னால் மூன்றரை அங்குலம் மிச்சம் இருக்கும். நிஜ மேடையில் அது 7 அடி. பின்சுவரில் ஒரு துளை போட்டு அதில் சிறிய டார்ச் விளக்கை வையுங்கள். அறையை இருட்டாக்குங்கள். துணிக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு முருங்கைக் கீரைக் கொத்தைப் பிடியுங்கள்.

துணியில் மரம் நிற்கும்!

கொத்தை விளக்கின் பக்கம் மெல்ல நகர்த்துங்கள். மரம் வளரும். தோல்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. விளக்குக்கும் துணிக்கும் சரிபாதியில் பிடித்தால் நிழல் இரண்டு மடங்கு. விளக்கிலிருந்து கால் பங்கு தூரத்தில் பிடித்தால் நான்கு மடங்கு. நிஜ மேடையில் 7 அடியில் கால் பங்கு என்பது ஒன்றே முக்கால் அடி. அங்கே இரண்டடிக் கிளையைப் பிடித்தால் எட்டடி மரம் கிடைக்கும். ஒரே ஒரு சிறிய பல்பு வேண்டும். குழல் விளக்கில் நிழல் கலங்கிவிடும். வேட்டிக்கு அருகில் நெருப்பு விளக்கு கூடவே கூடாது.

பெண் துணிக்குப் பின்னால் நிற்கிறாள். அக்காள் குடத்தைச் சாய்க்கிறாள். குடத்தில் தண்ணீர் வேண்டாம். மேடை வழுக்கும், தரையில் மின் வயர் கிடக்கும். சத்தம் மட்டும் போதும். பெண் மெல்லக் குனிகிறாள். கிளையின் நிழல் எழுந்து அவளை மூடுகிறது. ஓரத்தில் இருப்பவருக்கும் தெரிகிறது. தரையில் இருப்பவருக்கும் தெரிகிறது.

தோட்டத்துக் காட்சியில் பல கைகளின் நிழல் மரத்தின்மேல் விழ வேண்டும். உள்ளே ஒருவர் காய்ந்த சுள்ளிகளை ஒடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் சபை அடங்கிவிடும். கை கால் இழந்த பெண்ணைக் காட்டும்போது மட்டும் கவனம் தேவை. கோமாளி போலச் செய்தால் சிலர் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட உடம்போடு வாழ்பவர் சபையிலும் இருக்கலாம். நிழலாகவே அமைதியாகக் காட்டுவது நல்லது.

அட்டை சொல்லாதது

அட்டை எல்லாவற்றையும் சொல்லாது. 1912-இல் மாஸ்கோ கலை அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகம் நடந்தது. மேடையை அமைத்தவர் இங்கிலாந்தின் கார்டன் கிரேக். உயரமான மடக்குத் தட்டிகளை நகர்த்தி நகர்த்தி இடங்களை மாற்றுவது அவர் எண்ணம். சிறிய மாதிரியில் தட்டிகள் அழகாக நகர்ந்தன. நிஜ மேடையில், முதல் காட்சிக்குச் சற்று முன்னால், தட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன என்று இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் நூலில் எழுதியிருக்கிறார். அட்டைக்கு எடை இல்லை. காற்றும் அதைத் தொடுவதில்லை. ஆகவே மூங்கிலில் கட்டிய தட்டிகளுக்கு அடியில் மணல் மூட்டை வைக்க வேண்டும். ஒருநாள் முன்னதாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.

2006 நவம்பரில் இந்தப் பூமரக் கதை ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரில் இசை நாடகமாக அரங்கேறியது. இசை அமைத்தவர் அமெரிக்காவின் ஜான் ஆடம்ஸ். மூன்று பேர் பாடினார்கள். ஜாவா தீவின் நடனக் கலைஞர்கள் மூவர் அதே பாத்திரங்களை ஆடினார்கள்.

இனி துணிக் கணக்கு. நிழல் விழும் திரை 20 அடி அகலம், 12 அடி உயரம் வேண்டும். எட்டு முழ வேட்டி 12 அடி நீளம் இருக்கும். அகலம் 4 அடிக்குச் சற்று அதிகம். ஐந்து வேட்டிகளை நெடுக்காகத் தொங்கவிட்டு ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் சரியாகப் போதும். புது வேட்டி வாங்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கலாம். பெரிய பெரிய தையலாகப் போட்டுக்கொள்ளுங்கள். நாடகம் முடிந்ததும் பிரித்துத் துவைத்து, அவரவர் வேட்டியை அவரவரிடம் கொடுத்துவிடலாம்.