ஆபரேஷனுக்கு முந்தைய நான்கு வாரம்
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. தவக்காலம் நான்காம் ஞாயிறு)



சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறு, திருப்பலி முடிந்து நான் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் வாசலில் வந்து நின்றார். சுண்ணாம்புக்கல் குவாரியில் லோடு வேலை. வயது நாற்பத்தெட்டு. அடிவயிற்றில் குடலிறக்கம். ஆபரேஷனுக்கு நாள் குறித்துப் போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பீடியை விட்டுட்டு நாலு வாரம் கழிச்சு வான்னு டாக்டர் சொல்லிட்டார், சாமி. வயித்துல இருக்கிறதுக்கும் பீடிக்கும் என்ன சாமி சம்பந்தம்?"

இதைச் சொல்ல அவர் சம்மதித்திருக்கிறார். பெயரை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. நியாயமான கேள்விதான். நானும் ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இன்று பேசுகிறேன்.

புகையோடு கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உள்ளே போகிறது. நம் இரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். அருப்புக்கோட்டை பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்தவர் எழுந்திருப்பாரா? அதுபோலத்தான். அடுத்தது நிக்கோட்டின். அது சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். தையல் போட்ட இடம் ஆற இரத்தம் வேண்டும். அந்த இரத்தம் குறைவாகவே போய்ச் சேருகிறது. மூன்றாவது, மூச்சுக் குழாய்களின் உட்புறம். சளியைக் கூட்டி வெளியே தள்ள அங்கே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் உண்டு. புகை அவற்றை முடக்கிவிடுகிறது. மயக்கத்திலிருந்து எழுந்தவருக்குச் சளி கட்டி, நெஞ்சில் கிருமி சேர்ந்து, இருமல் பிடித்துக்கொள்கிறது. குடலிறக்கத்துக்குத் தையல் போட்ட வயிற்றோடு விடாமல் இருமினால் என்ன ஆகும்? பீடிக்கும் வயிற்றுக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

கார்பன் மோனாக்சைடு ஒரு நாளிலேயே பெருமளவு இறங்கிவிடும். நுரையீரல் தெளியவும் புண் ஆறும் திறன் திரும்பவும்தான் வாரக்கணக்கு வேண்டும். டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருந்த 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பிருந்தே புகையை விட உதவினார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில், உதவி பெற்றவர்களில் 100-க்கு 18 பேருக்குச் சிக்கல் வந்தது. மற்றவர்களில் 100-க்கு 52 பேருக்கு. 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் நான்கு வாரமாவது முன்னதாக விடுங்கள் என்று சொன்னது. கடைசி நேரத்தில் விட்டால் சளி கூடிக் கெடுதல் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நாள் நெருங்கிவிட்டாலும் விடலாம்.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். காத்திருப்பதெல்லாம் தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனுக்குத்தான். குடலிறக்கம் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு, கடும் வலியும் வாந்தியும் வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்போது பீடிக் கணக்கு யாரும் பார்க்கமாட்டார்கள்.

"சிகரெட் இல்லையே சாமி, பீடிதானே" என்றும் அவர் சொன்னார். பீடி அடிக்கடி அணைந்துபோகும். அணையாமலிருக்க இன்னும் பலமாக, இன்னும் அடிக்கடி இழுக்க வேண்டும். நிக்கோட்டினும் நச்சுப் புகையும் அதில் குறைவில்லை.

சாம்பல் பூசிய அன்றே விட்டார். நாளைக்கு ஒன்றரைக் கட்டு பிடித்தவர். முதல் மூன்று நாள் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்திருக்கிறார், தூக்கம் இல்லை. அந்த நாட்கள்தான் மிகக் கடினம் என்று மருத்துவமும் சொல்கிறது. அதைத் தாண்டிவிட்டார். ஒன்பதாம் நாள் ஒரு கேத வீடு. வெற்றிலையோடு பீடியும் வைத்த தட்டு கைமாறி வருகிறது. வேண்டாமென்றால் மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றை எடுத்தார். இரவுக்குள் ஒரு கட்டு.

மறுநாள் வெள்ளி, சிலுவைப்பாதை. கோவிலின் கடைசித் தூணருகே நின்றவர் முடிந்ததும் வந்து, "நான் கடவுளை ஏமாத்திட்டேன் சாமி, இனி நன்மை வாங்க எனக்குத் தகுதி இல்லை" என்றார்.

அவரை உட்காரவைத்தேன். நானும் குருமடத்தில் படித்த காலத்தில் ஒளித்து ஒளித்துப் புகைத்தவன். நான்காவது முயற்சியில்தான் விட்டேன் என்று சொன்னேன். நம் சிலரின் முகம் இதைக் கேட்டு மாறுவது எனக்குத் தெரிகிறது! திருச்சபையின் மறைக்கல்வி நூல் உணவு, மது, மருந்தோடு புகையிலையையும் சேர்த்தே அளவுமீறலைத் தவிர்க்கச் சொல்கிறது. அது 2290-ஆம் பத்தி. அதே நூல் 1735-ஆம் பத்தியில், பழக்கத்தின் பிடி ஒருவருடைய குற்றப்பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் சொல்கிறது. விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல் விரும்பாததைச் செய்கிறேனே என்று உரோமையருக்கு எழுதிய மடலின் ஏழாம் அதிகாரத்தில் தவிக்கிறவர் பவுல். சிலுவைப்பாதையில் மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் நிலைகளில் ஆண்டவர் விழுகிறார். அந்த மூன்று நிலைகளிலும் அன்று மாலை இவரும் முழந்தாளிட்டவர்தானே?

டப்ளின் நகரத்து மேட் டால்பட் என்ற கூலித் தொழிலாளியைப் பற்றியும் சொன்னேன். 1884-இல் குடியை விட்டார், 1925-இல் இறந்தார், 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவரும் புகையிலையை விட்டவர். குடியைவிட அதுவே கடினமாக இருந்தது என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். மூட்டை சுமந்தவர் என்றதும் நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேய் போன வீடு கூட்டிப் பெருக்கி வெறுமையாகக் கிடந்ததால், அது இன்னும் ஏழைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்ததாக இயேசு சொன்ன உவமை இருக்கிறதே, அதை வைத்துக் கொஞ்சம் கணக்குப் பார்த்தோம். எந்த நேரத்தில் கை பீடியைத் தேடுகிறது? டீ குடித்ததும், லாரிக்குக் காத்திருக்கும்போதும். டீக்குப் பதில் மோர் என்றார். காத்திருக்கும் நேரத்துக்கு மனைவி வறுத்த கடலையைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார். மருந்துக்கடையில் கிடைக்கும் நிக்கோட்டின் சூயிங்கம்மை மருத்துவர் சொன்னபடி மெல்லுகிறார். சிகரெட் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல் ஆலோசனை சொல்வார்கள். கூச்சப்பட்டார், மகள்தான் போட்டுக் கொடுத்தாள். இடையில் விழுந்ததை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். சொன்னார். திட்டவில்லையாம், நாளை மட்டும் தள்ளி வைத்தார்களாம்.

கேத வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தட்டில் வெற்றிலை மட்டும் போதும்.

அந்தச் சனிக்கிழமை மறுபடி தொடங்கினார். இன்றைக்குப் பதினாறாம் நாள். பாஸ்கா ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அன்று காலைத் திருப்பலி அவருக்காக; ஐந்தரை மணிக்கே வைத்திருக்கிறேன், ஆறரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம்.